ஆடாசிட்டியும் திரைவாசிப்பானும்: பதிவு முதல் எம்பி3 வரை விசைப்பலகையிலேயே

ஒலியைப் பதிவு செய்து திருத்த உதவும் ஆடாசிட்டி மென்பொருளைத் திறந்தால் பார்வையுள்ளவர்களுக்குத் திரையில் ஓர் அலைவடிவம் தெரியும். எங்கே சத்தம், எங்கே அமைதி என்று அது காட்டும். 'வந்தார்' என்ற சொல் எங்கே இருக்கிறது, எங்கே தொண்டையைச் செருமினோம் என்பதை அது காட்டாது. அதற்கு அவர்களும் கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்கும் வேலை பார்வையற்ற நமக்குப் புதிதல்ல. நாம் கற்றுக்கொள்ள வேண்டியது, காதில் கேட்ட இடத்தை மவுஸ் இல்லாமல் சரியாகப் பிடிப்பதுதான். வெட்ட வேண்டிய பகுதியின் தொடக்கத்தையும் முடிவையும் நம்பி வைக்கப் பழகிவிட்டால் மற்ற வேலைகளெல்லாம் மெனுவில் தேடி எடுத்துக்கொள்ளக்கூடியவை. அதனால் இந்த வழிகாட்டியில் அந்தப் பகுதிக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

விண்டோஸ் கணினி, திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் என்விடிஏ திரைவாசிப்பான், ஆடாசிட்டியின் 3-ஆம் பதிப்பு வரிசை ஆகியவற்றை வைத்துச் சொல்கிறேன். இரண்டு மென்பொருளும் இலவசம், இரண்டும் திறமூலம். என்விடிஏவை 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய மைக்கேல் கர்ரனும், அவரோடு சேர்ந்து அதை வளர்த்த ஜேம்ஸ் டேவும் பார்வையற்றவர்கள். ஆடாசிட்டி 1999-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கி 2000-இல் வெளிவந்தது. என்விடிஏ விசை என்று நான் சொல்லும் இடங்களில் இன்சர்ட் விசையை வைத்துக்கொள்ளுங்கள். கேப்ஸ் லாக்கை அமைத்திருந்தால் அது.

முதலில் சில அமைப்புகள்

இவற்றை ஒருமுறை செய்தால் போதும். அவசரப்பட்டு இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். பிறகு வரும் பாதிச் சிக்கல்கள் இங்கேயே தீர்ந்துவிடும்.

கம்பி உள்ள ஹெட்ஃபோனைப் பயன்படுத்துங்கள். ஸ்பீக்கரில் கேட்டால் பதிவு செய்யும்போது என்விடிஏவின் குரலும் மைக்கில் ஏறிவிடும். புளூடூத் ஹெட்ஃபோனில் வேறொரு சிக்கல்: ஒலி சற்றுத் தாமதமாகக் காதுக்கு வரும். நீங்கள் கேட்டு விசையை அழுத்தும் நேரத்தில் ஆடாசிட்டி அந்த இடத்தைத் தாண்டிப் போயிருக்கும். எவ்வளவு கவனமாக அழுத்தினாலும் வெட்டு தள்ளியே விழும். நான் பல நாள் என் விரல்தான் மெதுவாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கம்பி ஹெட்ஃபோனுக்கு மாறிய அன்றே அது சரியாகிவிட்டது.

என்விடிஏ பேசும்போது மற்ற ஒலிகளைக் குறைக்கும் வசதி ஒன்று இருக்கிறது. என்விடிஏ, ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது ஒவ்வொரு நிலையாக மாறும். இங்கே நான் டி என்று சொல்வதெல்லாம் 'எஸ்'ஸுக்கு வலப்பக்கத்தில் இருக்கும் எழுத்து. ஒலி குறைப்பு இல்லை என்ற நிலையில் நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் பாட்டோ பேச்சோ திடீரென்று மெலிந்து ஏறுவதைக் கேட்டு, பதிவிலேயே கோளாறு என்று நினைத்துவிடுவீர்கள். கணினியில் இரண்டு ஒலி வெளியீடுகள் இருந்தால், என்விடிஏ அமைப்புகளின் ஆடியோ பகுதியில் அதன் குரலை ஒன்றுக்கும், ஆடாசிட்டியின் அமைப்புகளில் அதன் ஒலியை இன்னொன்றுக்கும் பிரித்து விடலாம். இது கட்டாயமில்லை, ஆனால் பெரிய வசதி.

அடுத்து ஆடாசிட்டிக்குள். கன்ட்ரோலோடு பி அழுத்தினால் பிரிஃபரன்சஸ் சாளரம் வரும். இங்கே நான் பி என்று சொல்வதெல்லாம் 'ஓ'வுக்கு வலப்பக்கத்தில் இருக்கும் எழுத்து. இடப்பக்கப் பட்டியலில் ஷார்ட்கட்ஸ் என்ற பகுதிக்குப் போங்கள். சற்றுப் பழைய பதிப்புகளில் கீபோர்டு என்று இருக்கும். அங்கிருந்து டேப் அழுத்திக்கொண்டே போனால் டிஃபால்ட்ஸ் என்ற பட்டன் கிடைக்கும். ஸ்பேஸ் அழுத்தி, வரும் மெனுவில் ஃபுல் என்பதைத் தேர்ந்தெடுங்கள். 2.2 பதிப்பிலிருந்து ஆடாசிட்டி வழக்கமான அமைப்பில் குறைவான குறுக்குவிசைகளைத்தான் கொடுக்கிறது. நமக்கு மிகவும் வேண்டிய சில, இந்த முழுத் தொகுப்பில்தான் இருக்கின்றன.

அதே சாளரத்தில் இன்டர்ஃபேஸ் பகுதியில், நீண்ட வேலை முடிந்ததும் பீப் ஒலி எழுப்பும்படி ஒரு தேர்வுப்பெட்டி இருக்கிறது. அதை டிக் செய்யுங்கள். ஒரு மணி நேரப் பதிவுக்கு இரைச்சல் நீக்கம் கொடுத்துவிட்டு, முடிந்ததா இல்லையா என்று திரும்பத் திரும்பத் தேட வேண்டியதில்லை. பிறகு ஓகே கொடுத்து வெளியே வந்து, வியூ மெனுவில் எக்ஸ்ட்ரா மெனுஸ் என்பதை இயக்குங்கள். மவுஸால் செய்யும் பல வேலைகள் அங்கே மெனுவாகவே கிடைக்கும்.

இன்னொன்று, தமிழ் தட்டச்சு செய்பவர்கள் மறக்கக் கூடாதது: விசைப்பலகை தமிழில் இருந்தால் ஆடாசிட்டியின் ஒற்றை எழுத்து விசைகள் வேலை செய்யாமல் போகலாம். ஆர் அழுத்தியும் பதிவு தொடங்கவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்வது

ஆடாசிட்டியின் சாளரத்தில் மேலே கருவிப்பட்டைகள், நடுவில் டிராக்குகள் எனப்படும் ஒலித் தடங்கள், கீழே தேர்வின் நேரத்தைக் காட்டும் பட்டை. இவற்றுக்கிடையே கன்ட்ரோலோடு எஃப்6 அழுத்தி மாறலாம். ஒரு பட்டைக்குள் நகர டேப். நீங்கள் பெரும்பாலும் டிராக் பகுதியிலேயே இருப்பீர்கள்.

ஒன்றுக்கு மேல் டிராக் இருந்தால் மேல், கீழ் அம்புக்குறிகள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். ஆனால் ஒரு டிராக்கில் நிற்பதும், அந்த டிராக் தேர்வாகி இருப்பதும் ஒன்றல்ல. என்டர் அழுத்தினால் அது தேர்வாகும். மறுபடி அழுத்தினால் தேர்வு நீங்கும். என்விடிஏ அதைச் சொல்லும், காது கொடுத்துக் கேளுங்கள். டிலீட் அழுத்தியும் எதுவும் அழியவில்லை, அல்லது வேறு டிராக்கில் இருந்த பின்னணி இசையும் சேர்ந்து போய்விட்டது என்று குழம்புபவர்களுக்குக் காரணம் அநேகமாக இதுதான். டிராக்கின் மெனு வேண்டுமென்றால் ஷிஃப்ட்டோடு எம். அதில் பெயர் மாற்றும் வசதி இருக்கிறது. 'குரல்', 'இசை' என்று பெயர் கொடுத்துவிட்டால் அம்புக்குறியில் போகும்போதே எங்கே இருக்கிறோம் என்று புரியும்.

பதிவு செய்வது

ஆர் அழுத்தினால் பதிவு தொடங்கும். ஏற்கெனவே ஒரு டிராக் இருந்தால் அதன் முடிவிலிருந்து தொடரும். புது டிராக்கில் வேண்டுமென்றால் ஷிஃப்ட்டோடு ஆர். நிறுத்த ஸ்பேஸ்.

ஒலி அளவு சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? பார்வையுள்ளவர்கள் துள்ளும் மீட்டரைப் பார்ப்பார்கள். நாம் எண்ணைக் கேட்கலாம். பத்து விநாடி, நீங்கள் உண்மையில் பேசப்போகும் வேகத்திலும் குரலிலும் பேசிப் பதிவு செய்யுங்கள். கன்ட்ரோலோடு ஏ அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் மெனுவில் ஆம்ப்ளிஃபை என்பதைத் திறங்கள். ஒலி உச்சத்தைத் தொட இன்னும் எத்தனை டெசிபல் ஏற்ற இடமிருக்கிறது என்று கணக்கிட்டு, அந்த எண்ணை அந்தச் சாளரம் தானாகவே நிரப்பி வைத்திருக்கும். 8 என்று வந்தால் உங்கள் பேச்சின் உச்சம் உச்ச வரம்புக்கு 8 டெசிபல் கீழே இருக்கிறது என்று பொருள். 6-க்கும் 12-க்கும் இடையே இருந்தால் நல்ல பதிவு. 0 என்று வந்தால் ஒலி வரம்பில் முட்டி உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். மைக்கின் அளவைக் குறையுங்கள். 20-க்கு மேல் என்றால் மைக்கை நெருங்குங்கள். எண்ணைத் தெரிந்துகொண்டதும் எஸ்கேப் அழுத்தி வெளியே வந்துவிடுங்கள்.

இதே வழியில் அறையின் இரைச்சலையும் அளக்கலாம். பேசாமல் விட்ட சில விநாடிகளை மட்டும் தேர்ந்தெடுத்து ஆம்ப்ளிஃபை திறந்து பாருங்கள். எண் 40-ஐத் தாண்டினால் அறை அமைதியாக இருக்கிறது. 25, 30 என்று வந்தால் மின்விசிறியை நிறுத்திவிட்டு மறுபடி முயலுங்கள். எந்த மென்பொருளும் விசிறியை நிறுத்துவதற்கு ஈடாகாது.

உண்மையான பதிவைத் தொடங்கியதும் ஐந்து விநாடி மூச்சுக்கூட விடாமல் அமைதியாக இருங்கள். அந்த வெறும் அமைதி பின்னால் இரைச்சல் நீக்கத்துக்கு வேண்டும். பேசும்போது தவறினால் பதிவை நிறுத்தாதீர்கள். இரண்டு விநாடி விட்டு, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து மறுபடி சொல்லுங்கள். பாதிச் சொல்லிலிருந்து தொடர்ந்தால் குரலின் ஏற்ற இறக்கம் ஒட்டாது.

ஓடவிட்டு நிறுத்துவது

ஸ்பேஸ் அழுத்தினால் ஒலி ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும். ஆனால் நின்றதும் கர்சர் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடும். எக்ஸ் விசையும் ஓடவிட்டு நிறுத்தும், ஆனால் நின்ற இடத்திலேயே கர்சரை வைக்கும். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்க ஸ்பேஸ். கேட்டுக்கொண்டே முன்னேற எக்ஸ். இந்த ஒரு வேறுபாடு விரலில் படியும் வரை, அரை நாளாவது இவை இரண்டையும் மட்டும் வைத்து விளையாடிப் பாருங்கள்.

ஒலி ஓடும்போது வலது, இடது அம்புக்குறிகள் 1 விநாடி முன்னும் பின்னும் தாவும். ஷிஃப்ட்டோடு சேர்த்தால் 15 விநாடி. ஒலி நின்றிருக்கும்போது கமாவும் முற்றுப்புள்ளியும் கர்சரை 1 விநாடி நகர்த்தும், ஷிஃப்ட்டோடு 15. ஹோம் மொத்தத்தின் தொடக்கம், எண்ட் மொத்தத்தின் முடிவு. ஜே டிராக்கின் தொடக்கம், கே டிராக்கின் முடிவு.

வெட்டுவது: இரண்டு முனைகள்

சரி, இப்போது முக்கியமான வேலை. பி எழுத்துக்கு வலப்பக்கத்தில் இரண்டு சதுர அடைப்புக்குறி விசைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போது முதலாவதை அழுத்தினால் தேர்வின் தொடக்கம் அந்த இடத்தில் விழும். இரண்டாவதை அழுத்தினால் முடிவு விழும்.

ஒரு வாக்கியத்தை இரண்டு முறை சொல்லியிருக்கிறீர்கள், முதல் முறை சொன்னது தவறு என்று வைத்துக்கொள்வோம்.

1. தவறுக்குச் சில விநாடி முன்னால் கர்சரை வைத்து ஸ்பேஸ் அழுத்துங்கள்.
2. தவறான வாக்கியம் தொடங்கும் நொடியில் இடது அடைப்புக்குறி. சரியான வாக்கியம் தொடங்கும் நொடியில் வலது அடைப்புக்குறி. இரண்டுமே தொடக்கங்கள் என்பதைக் கவனியுங்கள்: வாக்கியத்துக்குப் பின் வரும் இடைவெளியும் அதனோடு சேர்ந்து போய்விடும், மிஞ்சுவதில் மூச்சின் அளவு இயல்பாக இருக்கும்.
3. ஸ்பேஸ் அழுத்தி நிறுத்துங்கள். தேர்வு அப்படியே இருக்கும்.
4. சி அழுத்துங்கள். தேர்ந்தெடுத்த பகுதியை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய 2 விநாடியையும் பிந்தைய 1 விநாடியையும் ஒட்டி ஆடாசிட்டி ஓட்டிக் காட்டும். அதாவது வெட்டிய பிறகு எப்படிக் கேட்கும் என்பதை வெட்டும் முன்பே கேட்டுவிடலாம்.
5. காதுக்குச் சரியாக இருந்தால் இசட் அழுத்துங்கள், பிறகு டிலீட்.

இசட் எதற்கு? ஒலி அலை சுழியைக் கடக்கும் புள்ளிக்கு இரண்டு முனைகளையும் அது நகர்த்தும். அலையின் நடுவில் வெட்டினால் 'டக்' என்று ஒரு சிறு ஒலி கேட்கும். அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்து மற்றவர்கள் செய்யும் வேலை இது. நமக்கு ஒரே எழுத்து.

முதல் முயற்சியில் முனை சரியாக விழாது. யாருக்கும் விழாது. அதனால் நகாசு செய்யும் விசைகளைக் கற்றுக்கொள்ளுங்கள். ஷிஃப்ட்டோடு எஃப்5, தேர்வின் தொடக்கத்துக்குச் சற்று முன்னால் என்ன இருக்கிறது என்று ஓட்டிக் காட்டும். எஃப்6 தொடக்கத்துக்குப் பின், எஃப்7 முடிவுக்கு முன், எஃப்8 முடிவுக்குப் பின், எல்லாமே ஷிஃப்ட்டோடு. எஃப்6-இல் நீங்கள் அழிக்க நினைத்த சொல்லின் முதல் ஒலியே கேட்டால் முனை சரி. எஃப்5-இல் அந்தச் சொல்லின் ஒரு துணுக்கு கேட்டால் தொடக்கத்தை இடப்பக்கம் நகர்த்த வேண்டும்.

நகர்த்த, ஒலி நின்றிருக்கும்போது ஷிஃப்ட்டோடு இடது அம்பு தொடக்கத்தை இடப்பக்கம் விரிக்கும். ஷிஃப்ட்டோடு வலது அம்பு முடிவை வலப்பக்கம் விரிக்கும். கன்ட்ரோலும் ஷிஃப்ட்டும் சேர்ந்தால் சுருங்கும்: வலது அம்பு தொடக்கத்தை உள்ளே தள்ளும், இடது அம்பு முடிவை உள்ளே இழுக்கும். ஒரு அழுத்தத்துக்கு எவ்வளவு நகரும் என்பது திரை எவ்வளவு பெரிதாக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. திரையைப் பார்க்காத நமக்கும் இது முக்கியம். கன்ட்ரோலோடு 1 அழுத்தினால் பெரிதாகி நகர்வு சிறியதாகும், கன்ட்ரோலோடு 3 அழுத்தினால் நகர்வு பெரியதாகும், கன்ட்ரோலோடு 2 இயல்பு நிலை. பத்து முறை அம்பு அழுத்தியும் ஒன்றும் மாறவில்லையே என்று தோன்றினால் கன்ட்ரோலோடு 3-ஐ இரண்டு முறை கொடுத்துப் பாருங்கள்.

நேரம் துல்லியமாகத் தெரிந்தால், ஒலி நின்றிருக்கும்போது அடைப்புக்குறி விசையை அழுத்துங்கள். நேரத்தைத் தட்டச்சு செய்ய ஒரு பெட்டி வரும்.

தவறாக வெட்டிவிட்டால் கன்ட்ரோலோடு இசட். எத்தனை படி வேண்டுமானாலும் பின்னால் போகலாம், பயப்படாமல் வெட்டுங்கள்.

தமிழ்ப் பேச்சில் எங்கே வெட்டுவது

ஆங்கில வழிகாட்டிகளில் இது கிடைக்காது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் சொற்களில் நிறைய, குற்றியலுகரத்தில் முடிகின்றன: பாட்டு, எழுத்து, வீடு, போயிற்று. அந்தக் கடைசி உகரம் மிக மெல்லியதாக ஒலித்து மறையும். டகரம் கேட்டதுமே சொல் முடிந்தது என்று அடைப்புக்குறியை அழுத்தினால் 'பாட்டு' என்பது 'பாட்ட்' என்று அறுந்து நிற்கும். இப்படிப்பட்ட சொல்லுக்குப் பின் வெட்டும்போது கால் விநாடியாவது தள்ளி முனையை வையுங்கள், எஃப்5-ஐக் கேட்டு உகரம் முழுதாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

வெட்டுவதற்கு வசதியான இடங்களையும் தமிழ் தருகிறது. க், ட், த், ப் இரட்டிக்கும்போது, பக்கம், பத்து, அப்பா என்று சொல்லிப் பாருங்கள், காற்று ஒரு கணம் அடைபட்டு நிற்கும். அங்கே பதிவில் இருப்பது வெறும் அமைதி. வாக்கியத்தின் நடுவில் இரண்டு பதிவுகளை ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் இந்த அடைப்பில் ஒட்டுங்கள், ஒட்டுத் தெரியாது. சொல் க, த, ப போன்ற எழுத்தில் தொடங்கினால் அதற்கு முன்னால் இருக்கும் கணமும் அப்படித்தான். நீளும் உயிரெழுத்திலோ ம், ன், ல் போன்றவற்றிலோ ஒட்ட முயலாதீர்கள். குரலின் சுருதி பொருந்தாமல் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

நீண்ட பதிவுக்கு லேபிள்

ஒரு மணி நேரப் பதிவில் இருபது தவறுகள் இருந்தால் ஒவ்வொன்றையும் தேடி அலைய முடியாது. பதிவு செய்யும்போதோ கேட்கும்போதோ கன்ட்ரோலோடு எம் அழுத்தினால் அந்த இடத்தில் ஒரு லேபிள் விழும். '1' என்றோ 'இருமல்' என்றோ எழுதி என்டர் கொடுங்கள். எழுதி முடித்து என்டர் கொடுக்க மறந்தால், அடுத்து நீங்கள் அழுத்தும் விசைகளெல்லாம் லேபிளுக்குள் எழுத்தாகப் போய்ச் சேரும். பிறகு ஆல்ட்டோடு வலது அம்பு அழுத்தினால் அடுத்த லேபிளுக்கு, இடது அம்பு அழுத்தினால் முந்தைய லேபிளுக்கு. எடிட் மெனுவில் லேபிள்ஸ் என்பதற்குள் எல்லா லேபிள்களும் நேரத்தோடு ஒரு அட்டவணையாகவும் கிடைக்கும்.

தவறிய இடத்திலேயே திருத்திப் பதிவு செய்வது

நூல் வாசிப்பவர்களுக்கு இதைவிட நல்ல வசதி ஆடாசிட்டியில் இல்லை என்பது என் கருத்து. பஞ்ச் அண்ட் ரோல் என்று பெயர். முன்னே சொன்னதுபோல் தொடர்ந்து பேசாமல், இந்த வழியில் தவறியதும் நிறுத்துங்கள். தவறான வாக்கியத்துக்கு முந்தைய இடைவெளியில் எக்ஸ் விசையால் கர்சரை நிறுத்துங்கள். ஷிஃப்ட்டோடு டி அழுத்தினால், அந்த இடத்துக்கு முந்தைய 5 விநாடியை ஆடாசிட்டி ஓட்டிக் காட்டி, கர்சர் வந்ததும் தானாகவே பதிவைத் தொடங்கும். பழைய தவறு போய்விடும். முந்தைய வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டே நுழைவதால் உங்கள் குரலும் வேகமும் அதோடு பொருந்தும். இப்படி வாசித்து முடித்தால் பிறகு வெட்டுவதற்கு அதிகம் இருக்காது. கேட்டுக்கொண்டே பதிவு செய்வதால் இதற்கு ஹெட்ஃபோன் கட்டாயம்.

சுத்தம் செய்வது

இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் இரைச்சல். தொடக்கத்தில் விட்ட ஐந்து விநாடி அமைதியைத் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் மெனுவில் நாய்ஸ் ரிடக்‌ஷன் திறந்து, கெட் நாய்ஸ் ப்ரொஃபைல் பட்டனை அழுத்துங்கள். சாளரம் மூடிவிடும்; வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். கன்ட்ரோலோடு ஏ அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அதே எஃபெக்ட்டை மறுபடி திறந்து, குறைப்பு அளவை 6 முதல் 12 டெசிபலுக்குள் வைத்து ஓகே. அதற்கு மேல் போனால் குரல் தகரக் குழாய்க்குள் பேசுவதுபோல் ஆகும், முன்னே சொன்ன மெல்லிய உகரங்களும் தேயும்.

இடைவெளிகளைச் சுருக்க ட்ரன்கேட் சைலன்ஸ் இருக்கிறது. இதன் வழக்கமான எல்லை மைனஸ் 20 டெசிபல். பேச்சுக்கு அது மிக அதிகம், சொல்லின் வாலையும் அமைதி என்று கணக்கிட்டுவிடும். மைனஸ் 40 வாக்கில் வைத்து, அரை விநாடிக்கு மேற்பட்ட இடைவெளிகளை மட்டும் சுருக்கச் சொல்லுங்கள். 0.1 விநாடி என்றெல்லாம் இறக்கினால் 'பக்கம்' என்பதன் அடைப்பையே தின்றுவிடும்.

கடைசியாக, மொத்த ஒலியின் உரப்பை ஒரே அளவுக்குக் கொண்டுவரும் லவுட்னஸ் நார்மலைசேஷன். வலையொலிக்கு மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பை அளக்கும் அலகு) பரவலான வழக்கம். ஒற்றைத் தட டிராக்கை இரட்டையாகக் கணக்கிடும் தேர்வுப்பெட்டி டிக் ஆகியிருக்கட்டும். முடித்ததும் மறுபடி ஆம்ப்ளிஃபை திறந்து உச்சம் எங்கே இருக்கிறது என்று எண்ணைப் பாருங்கள். 1-க்குக் குறைவாக வந்தால் லிமிட்டர் கொண்டு உச்சங்களை மட்டும் மைனஸ் 1 அளவில் அடக்குங்கள்.

சேமிப்பதும் ஏற்றுமதியும்

கன்ட்ரோலோடு எஸ், திட்டத்தை ஏயூபி3 கோப்பாகச் சேமிக்கும். இது ஆடாசிட்டிக்கு மட்டும் புரியும். யாருக்கும் அனுப்ப முடியாது, ஆனால் பின்னால் திருத்த வேண்டுமென்றால் இதுதான் வேண்டும். அனுப்புவதற்கான கோப்புக்கு கன்ட்ரோல், ஷிஃப்ட், இ. இணையத்தில் வைக்கலாமா, கணினியில் வைக்கலாமா என்று ஒரு சாளரம் கேட்டால் கணினியைத் தேர்ந்தெடுங்கள். பிறகு வரும் சாளரத்தில் டேப் அழுத்திக்கொண்டே கோப்பின் பெயர், இடம், வடிவம், மோனோவா ஸ்டீரியோவா என்று வரிசையாகக் கேட்டு நிரப்பலாம். பேச்சு மட்டும் என்றால் எம்பி3, மோனோ, 96 கேபிபிஎஸ் தாராளமாகப் போதும்.

ஏற்றுமதியான கோப்பை ஒருமுறை முழுதாக, கைப்பேசியின் சிறிய ஸ்பீக்கரில் கேளுங்கள். ஹெட்ஃபோனில் தப்பிய சில ஒட்டுகள் அங்கே பிடிபடும். நேரத்தைக் குறித்துக்கொண்டு, அடைப்புக்குறி விசையில் அந்த நேரத்தைத் தட்டச்சு செய்து நேரே அங்கே போய்த் திருத்தலாம்.

பல டிராக்குகளில் இசை அமைப்பவர்களுக்கு ஆடாசிட்டி ஒரு கட்டத்தில் போதாமல் போகும். அவர்களுக்கு ரீப்பர் இருக்கிறது. 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், தனிநபருக்கான குறைந்த கட்டண உரிமம் 60 டாலர். அதோடு ஒசாரா என்ற இலவச நீட்சியைச் சேர்த்தால் திரைவாசிப்பானோடு நன்றாகப் பேசும். அதைத் தொடங்கியவர் மேலே சொன்ன அதே ஜேம்ஸ் டே. ஆனால் அங்கே போகும் முன், இங்கே சி, இசட், டிலீட் மூன்றும் யோசிக்காமல் விரலில் வரும் வரை பழகிக்கொள்ளுங்கள்.